தனித் தட்டு

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை…" என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் தையல் மாஸ்டருக்கு நினைவில்லை. அந்த ஊர் வாய் இப்போது டாக்டர் அறை வரைக்கும் வந்துவிட்டது.

"உங்களைத்தாம்மா கேக்கறேன். மாமனாருக்குத் தனித் தட்டு, தனி டம்ளராமே? பேத்தியைக்கூடக் கிட்ட விடறதில்லையாமே? பக்கத்து வீட்டம்மா முழங்கால் வலின்னு வந்துட்டு, முக்கால் மணி நேரம் உங்க கதையைத்தான் சொன்னாங்க."

மருமகள் ரிப்போர்ட் கவரை டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் மாஸ்டரின் முழங்கையைத் திருப்பினார். தோலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி இரண்டு கட்டிகள். அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"காலையில விரல் மடங்குதா?"

"ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள பாதிப் பொழுது போயிடுது."

"துணி வெட்டற மேஜையில முழங்கையை ஊனிக்கிட்டுத்தானே நிப்பீங்க?"

"முப்பது வருஷமா."

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டையும், கட்டியில் ஊசி போட்டு எடுத்த சோதனை ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யூரிக் உப்பு இல்லை. கேன்சரும் இல்லை. உங்களுக்கு இருக்கறது முடக்கு வாதம்ங்கற மூட்டு நோய். அது இருக்கறவங்களுக்கு அழுத்தம் படற இடத்துல இப்படி முடிச்சு விழும். மாத்திரை தர்றேன். யாருக்கும் தொத்தாது."

மாஸ்டருக்கு மூன்று மாத மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது.

"அப்போ பேத்தியைத் தூக்கலாமா?"

"தாராளமா. உங்க மருமக விட்டா!"

"ஐயோ, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். தட்டைப் பிரிச்சது நான். வேண்டாம் மாமான்னு அழுதா. விஷயம் வெளிய தெரிஞ்சா யாரும் கடைக்குத் துணி கொண்டு வரமாட்டாங்கன்னு, வந்த பழியெல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டா."

டாக்டர் பேனாவை மூடினார். "மன்னிச்சுக்கம்மா."

"பரவால்ல சார். தொத்தாதுன்னு சொன்னீங்களே, அது போதும்."

"அது சரி, தொத்தும்னு உங்களுக்கு யார் சொன்னது மாஸ்டர்?"

"எங்க கடை இஸ்திரிக்காரருக்கும் இதே மாதிரி கட்டி. அவர்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு…"

"அவருக்கு என்னன்னு பார்க்காமச் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு அவர்கிட்டேருந்து வரலை. அவரையும் அழைச்சுக்கிட்டு வாங்க."

மாஸ்டர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

வாசலில் மருமகள் ஆட்டோவை நிறுத்தினாள். "ஏறுங்க மாமா. பாப்பா கேட்டா துள்ளிக் குதிப்பா."

"நீ முன்னால போம்மா. வந்துடறேன்."

கையில் கட்டியைப் பார்த்த அன்றே கடையை விட்டுத் துரத்திய இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வேலைக்குக் கூப்பிட, மாஸ்டர் அவர் வீட்டுப் பக்கம் நடந்தார்.