கல்லில் வெட்டிய பெயர்

"அடுத்ததாக, மரகதம் அம்மையார் குத்துவிளக்கேற்றுவார்."

மைக்கில் சொன்னவன் இவளைப் பார்த்துத்தான் கைகாட்டினான்.

மருத்துவமனைக்கு நன்கொடை திரட்டுகிற அதிகாரி. இவள் கணவரிடம் நடையாய் நடந்து ஒரு கோடி வாங்கியவன். 'மரகதம் டயாலிசிஸ் மையம்' என்று கல்லில் வெட்டச் சொன்னார் கணவர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவிதான் மரகதம் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

வேறு எப்படி நினைப்பான்? பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் இருக்கும்போது, செத்துப்போன மூத்த தாரத்தின் பெயரை யார் வைப்பார்கள்?

இவர் வைப்பார்.

வயிறு எரிந்தது இவளுக்கு. முழுசாக மூன்று வருடம்கூடக் குடும்பம் நடத்தாதவள் அந்த மரகதம். இவருடைய பனியன் கம்பெனியைக் கண்ணால் பார்க்காதவள். அங்கே விடிய விடியப் பிசிறு வெட்டி விரல் காய்த்துப்போனவள் இவள்.

சரி, இன்றைக்கு ஒருநாள் அவளாகவே இருந்து தொலைப்போம்.

எழுந்துபோய் விளக்கேற்றினாள். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு நோயாளிப் பெண் ஏறிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மரகதம்மா, நீங்க நூறு வருசம் நல்லாருக்கோணுமுங்க."

ஆயுளும் அவளுக்கே.

இருந்தாலும் இவளுக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அப்போது கணவர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"ஒரு திருத்தமுங்க. இவங்க மரகதம் இல்லீங்க."

பிறகு மரகதத்தைப் பற்றிப் பேசினார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். அவளுடைய சிரிப்பு. அவள் வைக்கிற கொள்ளு ரசம். சிறுநீரகம் கெட்டு அவள் பட்ட பாடு. குரல் உடைந்தது. கூட்டம் மூக்கை உறிஞ்சியது.

பேசி முடித்து, மைக்கைக் கையில் பிடித்தபடியே இவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இவள் யாரென்று சொல்லவில்லை.

வேண்டுமென்றே விட்டதில்லை. மறந்துவிட்டார். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து இவளிடம் குனிந்தான். "மன்னிச்சுக்கோங்கம்மா, பெரிய தப்பாயிருச்சு. உங்க பேரச் சொல்லுங்க, இப்பவே மைக்கில சொல்லிடறேன்."

சால்வையைக் கழற்றி மடித்து அவனிடமே கொடுத்தாள்.

"அதுக்கு நான் மொதல்ல சாகோணுமுங்க தம்பி."

மைக் அணைக்காமல் இருந்தது.

கணவர் இவள் பக்கம் திரும்பினார்.