நோயாளி வேஷம்

தன் மனைவி ஸஹீதா சோதினையில் பாஸாவது தன் கையில்தான் இருக்கிறது என்று காத்தான்குடிக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான் ரிஸ்கான். யுத்தம் முடிந்த கையோடு அறிகை நடத்தைச் சிகிச்சையில் பட்டப்பின் படிப்புக்குச் சேர்ந்தவள் அவள். எண்ணத்தைத் திருத்திப் பயத்தைப் போக்கும் அந்த முறையைப் பழக அவளுக்கு ஒரு நோயாளி வேண்டும். மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரிஸ்கான்தான் அந்த வேஷம் கட்டுவான்.

"பேர்?" என்றுதான் எப்போதும் தொடங்குவாள்.

"மஜீத் எண்டு வெச்சுக்க."

"மஜீதுக்கு என்ன பயம்?"

"கடல். சுனாமியில தம்பிட கையை விட்டுட்டான். அதுக்குப் பொறகு அந்தப் பக்கமே போறல்ல."

"அவன் விட்டானா, அலை பறிச்சதா?"

ரிஸ்கான் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "அலைதான் பறிச்சது."

"அப்ப நாளைக்கு மஜீதைக் கடற்கரை ரோட்டு வரைக்கும் கூட்டிப் போவமா?"

"ஒன்ட சோதினைக்கு உதவுமெண்டா வாறன்."

அதே படிப்புப் படிக்கும் சர்மிலா ஒரு நாள் அவனுடைய புடைவைக் கடைக்கு வந்தாள்.

"சோதினை எப்ப வருது?" என்று கேட்டான்.

"எங்களுக்கு வாற மாசம். ஸஹீதா மிஸ் போன வருசமே முதலாவதா பாஸ் பண்ணிட்டாவே. எங்களுக்குப் படிப்பிக்கிறதே அவதான்."

'என்ட பொஞ்சாதி முதலாவது' என்று பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அன்று வீடு போனான். மஃரிபுக்குப் பிறகு அவனாகவே அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"பேர்?"

"ரிஸ்கான்" என்றான். "நாளைக்குத் தண்ணிக்குள்ள எறங்குவம்."