சிங்காரியைக் கண்டு வாய் பிளந்தவர்

குளிர்நாட்டுச் செல்வர்கள் மார்கழியில் வெயில் காயவும் மீன்பிடித்து விளையாடவும் வரும் தீவுக் கடல் அது. அங்கே கோலாமீன் ஒன்று உயிர் பிழைத்தால் போதுமென்று அலைக்கு அலை தாவிப் பறந்துகொண்டிருந்தது. முதுகுத் துடுப்பைத் தோகையாய் விரித்தபடி ஒரு மயில்மீன் அதைத் துரத்தி வந்தது.

எதிரே ஒரு விசைப்படகு. அதன் பின்னால், தூண்டில் நரம்பில் கட்டிய ரப்பர்மீன் ஒன்று துள்ளி ஆடி வந்தது. சிங்காரி என்பது அதன் பெயர். பளபளக்கும் பாவாடை, பாவாடைக்குள் கொக்கி.

“யாரடி நீ? என்னைத் தேடி வருகிறவரை உன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறாய்?” என்றது சிங்காரி.

கோலாவுக்கு மூச்சு வாங்கியது. “உங்களுடையவரா அக்கா? தெரியாமல் போயிற்று. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.”

“நேற்று ஒருவர், முந்தாநாள் இருவர். எல்லோரும் என்னைக் கண்டதும் வாய் பிளந்தவர்கள்தாம்.”

“இவரும் பிளக்கட்டும் அக்கா. கொஞ்சம் சீக்கிரம் ஆடுங்கள்.”

சிங்காரி உடலை நெளித்து ஒரு சுழல் சுழன்றது. மயில்மீன் கோலாவை விட்டுவிட்டுச் சிங்காரியைக் கவ்வியது. நரம்பு விறைத்தது; படகில் ஒரே கூச்சல். வானுக்கும் நீருக்குமாய்க் குதித்துக் களைத்த மயில்மீனைப் படகுக்காரர்கள் அருகே இழுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். பிறகு கொக்கியைக் கழற்றி, வழக்கம்போலக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். வீங்கிய வாயோடு அது திரும்பிப் பாராமல் ஆழத்துக்குப் பாய்ந்தது.

கிழிந்த பாவாடையோடு சிங்காரி மீண்டும் நீரில் விழுந்தது.

“பார்த்தாயாடி? ஒரே ஒரு முத்தம். அதற்கே எவ்வளவு வெட்கம் அவருக்கு.”

கோலா மரியாதையாகத் தலையசைத்தது. “நாளைக்கும் இந்தப் பக்கந்தானே வருவீர்கள், அக்கா?”