ரோபோ ஓடிக் காட்டிய கதை

பிஸ்கட் டப்பா தலையும் லாரி வைப்பர் மோட்டாரில் ஓடும் சக்கரமுமாக, ஞானதுரை வீட்டிலேயே செய்த ரோபோ நான். பல வருஷமாகப் பரணில் கிடந்தேன். அங்கே குடியிருந்த சுண்டெலியிடம், "அந்தக் காலத்துல வீடு முழுக்க ஓடி, வந்தவங்களுக்கெல்லாம் காபி கொடுத்தவன் நான்" என்று அளந்துகொண்டிருந்தேன். அவளும் நம்பினாள்.

ஒருநாள் ஞானதுரை என்னைக் கீழே இறக்கினார். துருவைத் தேய்த்தார், வயர்களை மாற்றினார், என்னை ஆட்டிவைக்கும் பழைய கம்ப்யூட்டரோடு இணைத்தார். வேடிக்கை பார்க்கச் சுண்டெலி தன் குட்டிகளோடு பரண் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரிடம் கிசுகிசுத்தேன்: "இன்னைக்கு மட்டும் என்னை ஒழுங்கா ஓட்டிடு. இல்லன்னா மானம் போயிடும்."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதாண்டா. நேரா போய்ச் சுவத்துல முட்டுறது" என்றது அது.

ஞானதுரை பட்டனை அழுத்தினார். நான் கம்பீரமாகக் கிளம்பி, நேராகப் போய்ச் சுவரில் முட்டினேன். தலை கழன்று உருண்டது.

"அப்படியே முதன்முதலா ஓட்டின அன்னைக்கு மாதிரியே!" என்று கைதட்டிக் குதித்தார் ஞானதுரை. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கூசிக்கொண்டே பரணைப் பார்த்தேன். குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன.

"காபிக் கதையைவிட இது எவ்வளவோ நல்லாயிருக்கு அண்ணே" என்றாள் சுண்டெலி. "பிள்ளைங்களுக்காக இன்னொரு தடவை முட்டுங்களேன்."

ஞானதுரை தலையை மாட்டிவிட்டதும் கம்ப்யூட்டரிடம் சொன்னேன்: "இந்தத் தடவை கொஞ்சம் வேகமாப் போவோம்."