எண்பதுக்குப் பதில் அறுபத்தைந்து

"இந்த டயரைப் போடச் சொன்னது யாரு?"

பாலிகஞ்ச் வீட்டு ஷெட்டில், காரின் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் மஹாதேவன்.

"நான்தான்," என்றார் நடராஜன். மஹாதேவனின் அக்கா ஷியாமளாவின் கணவர்.

"அத்திம்பேர், எண்பது இருக்க வேண்டிய இடத்துல அறுபத்தஞ்சு போட்டிருக்கேள்."

"அகலம் அதே நூத்தைம்பத்தஞ்சு. ரிம்மும் அதே பதிமூணு. நடுவுல ஒரு நம்பர்தானே?"

மஹாதேவன் மூச்சை இழுத்து விட்டான். டயர் அளவு என்பது ஒரே வரியில் மூன்று பாஷை பேசும் வஸ்து. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். நடு எண் டயரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதைக் கண்டித்து அவன் ஒரு டயர் கம்பெனிக்கு எழுதியே போட்டிருக்கிறான். பதில் வரவில்லை.

"நடு நம்பர் குறைஞ்சா டயர் குள்ளமாயிடும். அறுபதுகள்ல இங்கிலாந்துல பண்ணின ஸ்போர்ட்ஸ் கார் இது! பட்டு வேஷ்டி கட்டிண்டு பாத்ரூம் செருப்பு போட்டுண்ட மாதிரி இருக்கு."

"கைக்குக் கிடைச்சதைப் போட்டாச்சு."

கார் ஷியாமளாவுடையது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பக்கத்துத் தெரு வங்காளி வீட்டில் தார்ப்பாய்க்கடியில் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு திருகாகத் தேடிப் பிடித்து ஓட வைத்தவள். வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். அசல் அல்லாத எதைப் பார்த்தாலும் நடுவர் மார்க்கைக் குறைப்பார். போன வருஷம் ஒரு கண்ணாடியால் கோப்பை கைநழுவியது.

"கோப்பைக்காக அவ எத்தனை அலைஞ்சிருக்கா! ஒரு நாளாவது இந்தக் கார்ல உட்கார்ந்திருக்கேளா?"

"இவ்வளவு தாழ்வா உட்கார்ந்தா என் முதுகு நிமிராதுடா."

"முதுகு இல்லை, மனசு. அக்கா மேடையேறிக் கோப்பை வாங்கறது உங்களுக்குப் பிடிக்கலை."

நடராஜன் வீட்டுப் பக்கம் பார்த்தார். ஷெட் கதவைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கிழமையானா சாந்த்ராகாச்சி தாண்டி ஹைவேயில தனியாப் போறா. ஐம்பது மைலுக்கு மேல தொட மாட்டேன்னு சொல்லியிருக்கா."

"நம்ம கணக்குல எண்பது கிலோமீட்டர். அதுக்கென்ன?"

"லாரி ஓடற ரோடு, மஹாதேவா. எனக்கு அதுவே ஜாஸ்தி. அவ திரும்பி வர்ற வரைக்கும் பால்கனியிலயே நிப்பேன். காப்பி கூட இறங்காது."

"குறைச்சுக்கோன்னு சொல்றதுதானே?"

"சொன்னா காரையே மூடி வெச்சுடுவா. உங்க அக்கா அப்படித்தான். அது எனக்கு வேண்டாம்."

"அதுக்கு டயர் என்ன பண்ணும்?" என்று கேட்ட மஹாதேவன், கேட்டு முடிப்பதற்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டான். குள்ள டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். ஸ்பீடாமீட்டர் சுற்றுகளைத்தான் எண்ணும். முள் ஐம்பது காட்டும்போது கார் உண்மையில் நாற்பத்தாறில்தான் போகும்.

"நாலு மைல்தான் குறையும், அத்திம்பேர்."

"நாலாவது குறையட்டுமே."

"கோப்பை?"

"போகட்டும். நீ வாயைத் திறக்காதே."

அவரைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் மஹாதேவன் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். அக்காவுக்குத் தெரியாத ஒரு விஷயம் தனக்குத் தெரியும் என்பதில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, ஷியாமளாவுக்குப் பக்கத்து இருக்கையில் அவன்தான். நடராஜன் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நடுவர் ஒரு வங்காளிப் பெரியவர். பானெட்டைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தவர், சக்கரத்துக்கு வந்ததும் உச்சுக் கொட்டினார்.

"தீதி, இந்த டயர் யாருடைய யோசனை?"

மஹாதேவன் ஆகாயத்தைப் பார்த்தான். கூட்டத்தில் நடராஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னுடையது தாதா," என்றாள் ஷியாமளா வங்காளியில். "எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது."

நடுவரின் பேனா வேலை செய்தது. இந்த வருஷமும் கோப்பை இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

கார் சாலைக்கு வந்ததும் மஹாதேவனால் பொறுக்க முடியவில்லை.

"பழியை எதுக்குக்கா நீ ஏத்துண்டே? அத்திம்பேர் ஏதோ கைக்குக் கிடைச்சதை..."

"உளறாதே. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவடா நான். டயரைப் பார்த்த அன்னிக்கே போட்டுப் பார்த்துட்டேன். மனுஷன் நாலு மைலைத் திருடியிருக்கார்."

மஹாதேவன் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். ஒரு மஞ்சள் டாக்ஸி ஹாரன் அடித்தபடி அவர்களை முந்திக்கொண்டு போனது.

"அப்போ ஹைவேயில முள்ளை ஐம்பத்து நாலுக்குக் கொண்டு போயிடுவே. பழைய வேகம் வந்துடும். அப்படித்தானே?"

"இல்லை. ஐம்பதைத் தாண்டறதில்லை. வீட்டுக்கு வந்ததும் கேப்பார், முள் எவ்வளவு தொட்டுதுன்னு."

"அவர் என்ன கூடவா வரப் போறார்? எவ்வளவு போனாலும் ஐம்பதுன்னு சொல்லிடேன்."

ஷியாமளா கியரை மாற்றினாள்.

"வீட்டுக்கு ஒருத்தர் பொய் சொன்னாப் போறாதா?"