நடுங்கிய வைஃபை பெட்டி

தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்துப் பார்க்கும் துணிவு உங்களில் எவருக்கு உண்டு?

முதலாமாண்டுப் பொறியியல் ஆய்வகத்தில் வைஃபை பெட்டி ஒன்று நடுங்கியது. அதற்குள் அத்துமீறிப் புகுவதே மாணவர்களுக்கு அன்றைய செய்முறைப் பயிற்சி. தோற்றால் குப்பைக்குத்தான் போவோம் என்று அது அஞ்சியது.

“நேத்து வந்த பொடிசுகளுக்கா பயப்படுறீங்க, அண்ணே?” என்று சிரித்தது மின்விசிறி.

மாணவி நறுமுகை பெட்டியைப் புரட்டினாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஆலையே அச்சிட்டிருந்த, எவரும் மாற்றாத கடவுச்சொல்லைத் தட்டி நொடியில் உள்ளே நுழைந்தாள்.

“கிழிஞ்சது போங்க!” என்றது விசிறி.

அவளோ பெட்டியை ஒதுக்கவில்லை. தோழர்களோடு அமர்ந்து பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தாள். புதிய கடவுச்சொல் இட்டாள். அடுத்த குழுவிடம் பெட்டியைத் தாக்கிப் பார்க்கச் சொன்னாள். எவராலும் நுழைய முடியவில்லை.

பெட்டி நெகிழ்ந்தது. “என்னைக் காத்துவிட்டீர்கள், பிள்ளைகளே! உங்கள் வீடுகளில் என் தம்பிமார் இன்னும் ஆலையில் ஒட்டி வந்த கடவுச்சொல்லோடுதான் திறந்து கிடக்கிறார்கள். இன்றே போய் மாற்றிவிடுங்கள்!”