இடது கம்பம்

தேசியக் கால்பந்து அணிக்காகப் பதினோரு ஆண்டுகள் கோல் காத்த தேவசகாயம், பந்து வரும்போது ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. கையைப் பின்னுக்கு நீட்டி இடது கம்பத்தைத் தொடுவார், பிறகு வலது கம்பத்தை. எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது இரண்டு மாதமாக வீட்டுக் கதவு நிலைகளை அப்படித் தொட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, சமையக்கட்டுல எவன் வந்து கோல் போடப்போறான்?” என்று மனைவி ஃப்ளாரன்ஸ் கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். தொடாவிட்டால் அது எந்த அறை என்றே தெரியாமல் போவதை அவளிடம் அவர் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் தூங்கி எழுந்து வந்தவர் கூடத்தின் நடுவில் நின்றார். இடது கையை நீட்டினார். எதுவும் படவில்லை. வலது கையும் வெறும் காற்றைத்தான் துழாவியது. எதிரே எவனோ பந்தை வைத்துவிட்டு, ஓடிவந்து அடிப்பதற்காகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான்.

“எவன்டா கம்பத்தப் புடுங்கினது?”

ஃப்ளாரன்ஸ் கரண்டியோடு சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

“அக்கா, உள்ள வராதீங்க. பந்து பட்டுடும்,” என்றார் அவளிடம்.

சிரிப்பு நின்றது. பிறகு அவளுடைய காலடிச் சத்தம் அவருக்குப் பின்னால், இடது பக்கமாக வந்து நின்றது. அவர் மறுபடி கையை நீட்டினார். பட்டது.

“இருக்கு,” என்று மூச்சுவிட்டார்.

கம்பம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.